ஒரு சிரட்டை உறைமோர்

பாலேஸ்வரியிடம் குறை என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான்: ஒன்றைச் செய்யச் சொன்னால் ஒன்றரையாய்ச் செய்துவிட்டு வந்து நிற்பாள். கன்றுக்குக் கொஞ்சம் பால் விடு என்றால் அன்றைக்குப் புருசனுக்கு வெறுந்தேத்தண்ணிதான். இரண்டு பேருக்குச் சமை என்றால் ஒழுங்கைக்கே பந்தி வைக்கலாம். மனம் முழுக்க அன்பு. அதை அளந்து போடத்தான் அவளுக்குத் தெரியாது. புருசன் தியாகலிங்கம் கெட்டிக்காரன். கலியாணம் முடித்து வந்த முதல் மாரியிலேயே இந்தச் சங்கதியைக் கண்டுபிடித்துவிட்டான். எதையும் அவளுக்குப் பாதியாய்த்தான் சொல்லுவான், அது சரியாய் வந்து முடியும். புகையிலையும் வெங்காயமும் ஒரு சிவத்தப் பசுவுமாக, வட்டுக்கோட்டைப் பக்கத்துக் குச்சொழுங்கை ஒன்றில் அவர்களுடைய குடித்தனம் அப்படியே நல்லாய் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை இல்லை என்கிற ஒரு கவலையைத் தவிர வேறு கவலை இல்லை.

இந்தத் தந்திரம் ஊர் வைத்தியர் சீவரத்தினம் பரியாரியாருக்குத் தெரியாமல் போனதுதான் வினை.

யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட வருசம் அது. கார்த்திகை மழை தொடங்கினதும் தியாகலிங்கத்துக்கு நெருப்புக் காய்ச்சல் பிடித்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து விறாந்தை வாங்கிலில் சரிந்தவன்தான். பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்து, குளிகை உரைத்துக் கொடுத்து, போகிறபோக்கில், "பத்தியம் கவனம் பிள்ளை. புளிப்பு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது நோயாளியின் வாய்க்கு. பாலேஸ்வரி அதை வீடு முழுவதுக்கும் எடுத்துக்கொண்டாள். புளிப் பானை பக்கத்து வீட்டுக்குப் போனது. எலுமிச்சங்காய் ஊறுகாய்ச் சாடி அதற்குப் பின்னால் போனது. புளிப்பின் வாசனை மூக்கில் ஏறினாலும் காய்ச்சல் ஏறிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். கடைசியாக, உறியில் கிடந்த உறைமோர்ச் சட்டியை இறக்கினாள். அது நேற்று இன்றைக்கு வந்த உறை இல்லை. தாய் உயிரோடு இருந்த காலத்தில் தாயின் சட்டியிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு பின்னேரமும் காய்ச்சின பாலில் ஒரு கரண்டி விட்டுக் கலக்கி, விடியத் தயிரிலிருந்து அடுத்த நாளைக்கு ஒரு கரண்டி எடுத்துவைத்து, இடையறாமல் வந்தது. அதைக் கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினாள். சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அவளுக்கு அன்றைக்கு ஏதோ விரதம் முடித்த திருப்தி.

காய்ச்சல் விட்டது. ஆனால் ஆள் எழும்பவில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பினான். கொத்தமல்லித் தண்ணியை இரண்டு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். தோட்டக் கிணற்றில் துலா மிதித்த கால் இரண்டும் வேலிக் கதியால் தடிபோலக் கிடந்தன. பாலேஸ்வரி இரவிரவாகப் பக்கத்தில் இருந்து, உச்சிக்கு எண்ணெய் வைத்து, நேராத கோயில் இல்லை என்று நேர்ந்தாள். இரண்டு நேரமும் கறந்த பாலை அரைவாசி கன்றுக்கும் அரைவாசி வைரவர் கோயிலுக்கும் விட்டாள்.

மார்கழியில் ஒரு நாள் மத்தியானம் தியாகலிங்கம் கண்ணைத் திறந்து, "பாலேசு" என்றான். அவள் குனிந்தாள்.

"தயிர்ச்சோறு தின்ன மனமாயிருக்கு."

அவ்வளவு நாளில் அவன் வாயால் கேட்ட முதல் சாப்பாடு அது. அந்த நேரம் பார்த்துப் பரியாரியாரும் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். விசயத்தைக் கேட்டதும் நாடியைப் பிடித்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. காது கொஞ்சம் மந்தமான மனிதர். அதனால் எதையும் ஊருக்கே கேட்கத்தான் சொல்லுவார். படலையடியில் நின்று சொன்னார்:

"பசி திறந்திட்டுது பிள்ளை. நாளைக்கு விடியக் குடு. சோத்தைக் குழைய வடிச்சு, இண்டைக்குப் பின்னேரம் உறைய வைச்ச புதுத் தயிரிலை பிசைஞ்சு குடு. பழந்தயிர் கூடாது, அந்தப் புளிப்பை அவன்ரை குடல் தாங்காது. நாளைக்கு நாளையிண்டைக்கு எண்டு இழுக்கவும் கூடாது. இப்ப திறந்த வாய் மூடிச்செண்டால், பிறகு திறக்கிறது என்ரை கையிலை இல்லை."

எல்லாவற்றுக்கும் "ஓம்" "ஓம்" என்று தலையாட்டினாள். அவர் ஒழுங்கை முடக்கால் திரும்பின பிறகுதான் குசினிக்குள் கவிழ்ந்து கிடந்த சட்டி ஞாபகம் வந்தது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

பால் இருந்தது. பசுவைக் கொஞ்சம் முந்தியே கறந்து, உமித்தணலில் ஆடை கட்டக் காய்ச்சி இறக்கினாள். பால் இருந்து என்ன? உறை வேண்டுமே. மிளகாய்க் காம்பு போட்டும் உறைய வைக்கலாம்தான். ஆனால் அப்படி முதல் நாள் உறைவது தயிரே இல்லை, ஏதோ வழுவழுப்பு. அதில் ஒரு கரண்டி எடுத்து மறுநாள் திருப்பி உறைய வைத்தால்தான் தயிர் என்று சொல்லலாம். அந்த ஒரு நாளைத்தான் பரியாரியார் தரமாட்டேன் என்றுவிட்டார்.

கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் உறை இருந்தது. வேலிக்கு அங்கால் அக்கா குணலட்சுமி வீடு. அதே தாயின் சட்டி, அதே உறை. ஆனால் அங்கே போவதைக் காட்டிலும் கிணற்றில் இறங்குவது சுகம் என்று பாலேஸ்வரிக்குத் தோன்றியது.

அது மாசியில் நடந்த கதை. குணலட்சுமியின் புருசன் சண்முகநாதன் மலாயாவில் ரெயில்வே கிளாக்கர். ஒரே மகளைப் பருத்தித்துறையில் கட்டிக்கொடுத்துவிட்டுக் குணலட்சுமி இங்கே தனியே இருந்தாள். சிங்கப்பூரும் யப்பான்காரன் கையில் விழுந்துவிட்டது என்று ஊருக்குள் சேதி வந்தது. கடிதம் நின்றது, காசு நின்றது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. சனம் ஒவ்வொன்றாய் வந்து குணலட்சுமியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனது. பாலேஸ்வரியும் போனாள். ஆறுதல் சொல்லத்தான் போனாள். ஆனால் அக்காவின் முகத்தைக் கண்டதும் அடக்க முடியாமல், ஒழுங்கையில் நின்ற சனத்துக்கு முன்னால், அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு "என்ரை அத்தானே" என்று ஒப்பாரி எடுத்துவிட்டாள். அவளைக் கண்டு நின்ற பெண்டுகளும் அழுதார்கள். செத்தவீடேதான்.

குணலட்சுமி தங்கையின் கையை எடுத்து விலக்கினாள். "என்ரை தாலி கழுத்திலை கிடக்கு. நீ ஆருக்கு அழுகிறாய்?" என்றாள். அன்றைக்கே இரண்டு வளவுக்கும் நடுவில் குனிந்து போய்வருகிற வேலி இடைவெளியை, அந்தப் பொட்டை, கிடுகு வைத்துக் கட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு குணலட்சுமி ஊரோடும் அதிகம் கதைப்பதில்லை. ஆனால் ஒரு காரியம் தவறாது. வெயில் தாழ்ந்து இன்னும் பகல் வெளிச்சம்கூட மாறாத நேரத்தில், ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் முதல் அவள் வீட்டில் விளக்கு எரியும். எண்ணெய்க்கு ஆலாய்ப் பறந்த அந்தக் காலத்தில், கறிக்குத் தாளிக்காமல் மிச்சம் பிடித்த எண்ணெய் அது. மலாயாவில் இருக்கிற மனிதனுக்கு அந்த வெளிச்சம் போய்ச் சேரும் என்று அவள் நம்பினாளோ என்னவோ, யாரும் கேட்கத் துணியவில்லை.

இப்படிப்பட்ட அக்காவிடம் என்ன முகத்தோடு போய்ச் சட்டியை நீட்டுவது? பாலேஸ்வரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படலையைத் திறந்து மற்றப் பக்கமாய் நடந்தாள்.

முதல் வீட்டில் மருமகள் பெற்றுப் போட்டுத் துடக்கு. அந்த வீட்டிலிருந்து தண்ணிகூட வாங்க ஏலாது. அடுத்த வீட்டில் பசுவை விற்றுவிட்டார்கள். அதற்கு அடுத்தது செல்வரட்ணம் வீடு, வயல் கரையோடு. அங்கே போகும்போதே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாடைக்காற்று பனைகளை உலுப்பியது. மழை இருட்டும் அந்தி இருட்டும் ஒன்றாய்ச் சேர்ந்து, பொழுது படமுந்தியே சனம் விளக்கைக் கொளுத்திவிட்டது.

செல்வரட்ணத்தின் பெண்சாதி நல்ல மனுசி. படியில் நின்ற பாலேஸ்வரியைக் கண்டு பதறிப்போனாள். ஆனால் அவளுக்குப் பின்னால் சாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்தால் பிறகு உப்பு, ஊசி, பால், மோர் ஒன்றும் வாசல் கடக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்த வீட்டுச் சீதேவி கூடவே இறங்கிப் போய்விடும். பாலை இங்கே கொண்டுவந்து உறைய வைத்துக்கொண்டு போகலாமா என்று பாலேஸ்வரி கெஞ்சிப் பார்த்தாள். உறைமோர் முழுவதையும் தங்கள் பாலில் விட்டுக் கலக்கி மூடியாயிற்று, இனி அதைத் திறந்து அள்ளினால் இரண்டும் இல்லாமல் போகும் என்றாள் அந்த மனுசி. சொல்லும்போது அவளுக்கே கண் கலங்கியது. "கொஞ்சம் முந்தி வந்திருக்கப்படாதோ பிள்ளை" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

தூறல் தொடங்கிவிட்டது. பாலேஸ்வரி சேற்றில் வழுக்கி வழுக்கித் திரும்பி வந்தாள். வழிநெடுக வேலிகளுக்கு உள்ளால் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. ஒவ்வொரு வெளிச்சமும் "இல்லை" "இல்லை" என்று சொல்லுவதுபோல இருந்தது. நாளைக்கு விடிய அவன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு கிடப்பான், நான் வெறுங்கையோடு நிற்பேன் என்ற நினைப்பு விடவில்லை. யாரும் செய்யாத மடைத்தனத்தைச் செய்துவிட்டேனே என்று தன்னைத் தானே பேசிக்கொண்டு வந்தாள்.

தன் வளவு வேலி முடிந்து அக்காவின் வேலி தொடங்குகிற இடத்தில் கால் நின்றுவிட்டது.

குணலட்சுமி வீட்டில் விளக்கு இல்லை.

ஒழுங்கை முழுக்க எரிகிறது, அந்த வீடு மட்டும் இருண்டு கிடக்கிறது. மாசியிலிருந்து ஒரு நாள் தவறாத விளக்கு. அக்கா உயிரோடு இருந்தால் அது எரியாமல் இருக்காது. இல்லையென்றால் வந்துவிட்டது, வரக்கூடாத சேதி வந்துவிட்டது, அதுதான் விளக்கு வைக்க அவசியமில்லாமல் போய்விட்டது. உறைமோர், சண்டை, வெட்கம் எல்லாம் எங்கேயோ போயின. படலையைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்ட குரல் தன் குரல்போலவே அவளுக்குக் கேட்கவில்லை.

"கத்தாதை" என்றது இருட்டு. "இஞ்சைதான் இருக்கிறன்."

கண் பழகின பிறகு தெரிந்தது. குணலட்சுமி சாமி அறை வாசலில் சப்பணம் கட்டி இருந்தாள். முன்னால் குத்துவிளக்கு, எண்ணெய் விட்டு, திரி போட்டபடி. ஒரு கையில் நெருப்புப்பெட்டி. மற்றக் கைக்குப் பக்கத்தில் வாழையிலைத் துண்டால் மூடின ஒரு தேங்காய்ச் சிரட்டை.

"தந்தி ஏதும் வந்ததோ அக்கா?"

"ஒண்டும் வரேல்லை. நீயாய்க் கூட்டிவைச்சு நினையாதை."

"அப்ப ஏன் விளக்கு..."

"விளக்கை வைச்சால் நீ வந்து கேக்க ஏலுமோ, நான்தான் தர ஏலுமோ?" குணலட்சுமியின் குரலில் கோபம் இருந்தது, ஆனால் பழைய கோபம் இல்லை. "பரியாரியார் படலையிலை நிண்டு சொன்னது எனக்கும் கேட்டது. உறையை நீ வாழையடியிலை ஊத்தினதை அண்டைக்கே வேலியாலை கண்டனான். மத்தியானம் தொடங்கி, இந்தா வருவாள், இந்தா வருவாள் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். நீ என்னடாவெண்டால் மழைக்கை ஊர் சுத்துறாய்."

பாலேஸ்வரி நின்ற இடத்திலேயே இருந்தாள். ஈரச்சேலை நிலத்தை நனைத்தது. "எந்த முகத்தோடை வாறது அக்கா? உயிரோடை இருக்கிற மனுசனுக்கு ஒப்பாரி வைச்சவள் நான்."

"ஓம், வைச்சனிதான்." குணலட்சுமி விளக்குத் திரியை விரலால் நிமிர்த்தினாள். "அண்டைக்கு நான் உன்னைத் தள்ளிவிட்டதுக்கு என்ன காரணம் தெரியுமே? நீ அழ, எனக்கும் அழுகை வந்திட்டுது. நானும் அழுதிருந்தால் அது உண்மையாய்ப் போயிருக்கும். அந்தப் பயம்தான்." நெருப்புப்பெட்டியைக் கைமாற்றிப் பிடித்தாள். "சரி, இப்ப கேள். கேளாமல் உறை குடுக்கிற வழக்கம் அம்மாவிட்டை இருக்கேல்லை."

"கொஞ்சம் உறைமோர் தாங்கோ அக்கா."

குணலட்சுமி இரண்டு கையாலும் சிரட்டையை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. "முழுக்க விட்டிடாதை, உன்னை எனக்குத் தெரியும். விட்டால் விடியமுன்னம் புளிச்சுப்போம். மாரிக்குளிர் எண்டபடியாலை ஒண்டரைக் கரண்டி. பால் கைபொறுக்கிற சூட்டிலை இருக்கவேணும். சட்டியை வைக்கோலுக்கை இறக்கிச் சாக்காலை மூடி, அடுப்படியிலை வை. மிச்ச உறை உன்ரை சட்டிக்கு" என்றாள். பிறகு, "பொட்டாலை போ. கிடுகை அவிட்டுவிட்டிட்டன்" என்றும் சொன்னாள்.

பாலேஸ்வரி சிரட்டையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். பொட்டுக்குள் குனிந்து தன் வளவில் கால் வைத்தபோது பின்னால் நெருப்புக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. வேலிக் கிடுகு இடுக்கெல்லாம் மஞ்சளாய் வெளித்தது. அதோடு அக்காவின் குரலும் வந்தது, மெல்ல, பக்கத்தில் இருக்கிற ஆளுக்குச் சொல்லுகிறமாதிரி.

"இஞ்சருங்கோ. இண்டைக்குக் கொஞ்சம் பிந்திப்போச்சு. எங்கடை தியாகுவுக்காகத்தான். கோவியாதேங்கோ."

பாலேஸ்வரி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் வெளியே வராமல் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். பிறகு பால் ஆறிவிடும் என்ற நினைவு வந்து உள்ளே ஓடினாள். ஒன்றரைக் கரண்டிதான் விட்டாள். இன்னும் அரைக் கரண்டி விட்டால் என்ன என்று கை துடித்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

விடியப்புறம் திருவெம்பாவைச் சங்கு ஒழுங்கையால் ஊதிக்கொண்டு போக அவள் சாக்கை விலக்கிப் பார்த்தாள். சட்டியைச் சரித்தாள், தயிர் அசையவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். புளிப்பு மருந்துக்கும் இல்லை. சட்டியைக் கட்டிப்பிடிக்காத குறை.

சோறு வடித்து இறக்கும்போது குணலட்சுமி பொட்டால் வந்தாள். தலை தோய்ந்து, திருநீறு பூசி, கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோடு வந்திருந்தாள். தானே சோற்றைப் பிசைந்தாள். தங்கையை விட்டால் மலையாய்ப் பிசைவாள் என்ற பயம்.

தியாகலிங்கத்தைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து இருத்தினார்கள். பாலேஸ்வரி முதல் வாயை ஊட்டினாள். அவன் மென்றான், மெல்ல மெல்லத்தான், ஆனால் மென்றான். தொண்டைக் குழி ஏறி இறங்கியது. பாலேஸ்வரி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வாய்க்கு அவனே வாயைத் திறந்தான். மூன்றாம் வாய்க்குக் கையை நீட்டினான். நெற்றியில் பொடிப்பொடியாய் வியர்த்தது. கண்ணில் ஒரு தெளிவு வந்தது. அப்போதுதான் எதிரில் இருக்கிறது யாரென்று அவன் சரியாகக் கண்டான்போல.

"மச்சாள்" என்றான். குரல் இன்னும் கீச்சிட்டது. "அண்ணையிட்டையிருந்து சேதி ஏதும் வந்ததோ?"

மாசிக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் குணலட்சுமியிடம் ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கண்டால் முகத்தைப் பார்ப்பார்கள், தாலியைப் பார்ப்பார்கள், மழையைப் பற்றிக் கதைத்துவிட்டுப் போவார்கள். காய்ச்சலில் கிடந்து எழும்பின மனிதன் மட்டும், வெளியூர் போன ஒருவரைப் பற்றி விசாரிக்கிறதுபோலக் கேட்டுவிட்டான்.

சோற்றுக்குள் இருந்த குணலட்சுமியின் கை நின்றது.

"இன்னும் இல்லைத் தம்பி" என்றாள்.

"வரட்டும், வரட்டும். போன முறை வந்து நிக்கேக்கை என்ரை புகையிலையிலை காரமில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். இந்தமுறை நல்லதாய் ஒரு சுருட்டுச் சுத்திக் குடுக்கிறன், இருமட்டும் பாப்பம்."

"உமக்கு முன்னாலை அப்பிடித்தான் சொன்னவர்" என்றாள் குணலட்சுமி. "கப்பலுக்குப் போகேக்கை ஒரு பெட்டி நிறைய அதையெல்லோ கட்டிக்கொண்டு போனவர். உமக்குச் சொன்னால் தலைக்கனம் பிடிக்குமாம்."

தியாகலிங்கம் சிரித்தான். குணலட்சுமியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாய் வந்தது. மாசி தொடங்கி அடக்கினதெல்லாம் சேர்ந்து வந்தது. தோள் குலுங்க, கையில் சோறு ஒட்டினபடியே அழுதாள்.

பாலேஸ்வரி அழவில்லை. அக்காவோடு சேர்ந்து ஒரு சத்தம் போடவில்லை. கோப்பையில் மிச்சம் கிடந்த தயிர்ச்சோற்றை உருட்டி, குணலட்சுமியின் கையை விரித்து அதில் வைத்தாள்.

"ராத்திரியும் நீங்கள் ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டியள். சாப்பிடுங்கோ அக்கா" என்றாள்.

குணலட்சுமி அழுதுகொண்டே சாப்பிட்டாள்.